35-க்கு மேல் உபரி

அரசுப் பள்ளியில் ஒரு பிள்ளை கணக்குப் பாடத்தில் 34 வாங்கிவிட்டால் போதும், அரசாங்கமே ஆடிப்போகும். வகுப்பாசிரியர் கூப்பிடுவார், தலைமையாசிரியர் கூப்பிடுவார், வட்டாரத்திலிருந்து ஆள் வரும், மாவட்டத்திலிருந்து ஆள் வரும். காலை வகுப்பு, மாலை வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, சுண்டலோடு ஸ்பெஷல் கிளாஸ். பிள்ளை மட்டம் போட்டால் ஆசிரியரே வீட்டுக்குப் போய் பைக்கில் உட்காரவைத்து அழைத்து வருவார். அதே பெஞ்சில் பக்கத்திலேயே உட்கார்ந்து 98 வாங்குகிற பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? ஒரு “வெரி குட்”. அதோடு, பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை, சம்பளம் இல்லாமல்.

ஒரு துறை எதற்குக் கணக்குக் காட்ட வேண்டுமோ அதற்குத்தான் உழைக்கும். பள்ளிக்கல்வித் துறை காட்டும் கணக்கு தேர்ச்சி விழுக்காடு. ரிசல்ட் வந்ததும் மாவட்டத்தில் கூட்டம் போடுவார்கள். “உங்க ஸ்கூல்ல மூணு பேர் ஃபெயில், ஏன்?” என்று கேட்பார்கள். தலைமையாசிரியர் எழுந்து நின்று விளக்கம் சொல்வார், பிறகு எழுதியும் கொடுப்பார். “480 வாங்கின பொண்ணுக்கு இந்த வருஷம் நீங்க புதுசா என்ன கத்துக்கொடுத்தீங்க?” என்று அந்தக் கூட்டத்தில் எவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. 35-க்குக் கீழே இருப்பது பிரச்சினை. 35-க்கு மேலே இருப்பது உபரி.

உபரியை வீணடிக்கக் கூடாது என்பது நிர்வாக நெறி. துறையின் காகிதங்களில் ‘மீத்திறன் மாணவர்’ என்று குறிக்கப்படும் இந்த ஜீவனுக்கு, ஆகவே, நிறைய வேலை உண்டு. வகுப்பு லீடர் அதுதான். ஆசிரியர் எமிஸ் விவரப் பதிவுச் செயலியோடு மல்லுக்கட்டும் நேரத்தில் கரும்பலகையில் கேள்வி எழுதிப்போடுவது அது. சின்ன டெஸ்ட் பேப்பர் திருத்துவது அது. சத்தம் போடுகிறவர்கள் பெயரை எழுதுவது அது. ஆகஸ்ட் 15-க்குப் பேச்சு, ஆண்டு விழாவுக்கு வரவேற்புரை, ஆய்வுக்கு அதிகாரி வந்தால் “நீ எந்திரிச்சுச் சொல்லும்மா” என்றதும் எழுந்து ஒப்பிப்பது, எல்லாம் அதுவே. எல்லாம் செய்யும். படிப்பது மட்டும் பாக்கி. அதற்குத்தான் எல்லாம் தெரியுமே, இன்னும் எதற்குப் படிப்பு?

பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்களாக இருக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து இதைக் கேட்டால் நடப்பது ஏறக்குறைய இதுதான்:

“சார், எம்பொண்ணுக்குக் கிளாஸ்ல வேலையே இல்லைங்கறா. தெரிஞ்சதையே திரும்பத் திரும்ப நடத்துறாங்களாம்.”

“நல்லதுதானேம்மா! பாப்பா நல்லாப் படிக்குது. உங்களுக்கு என்ன கவலை?”

“அதுக்கு மேல ஏதாச்சும் சொல்லிக்கொடுக்கலாமில்ல சார்?”

“மேல உள்ளது அடுத்த வருஷம் வரும்மா.”

“அதுவரைக்கும் என்ன சார் பண்றது?”

“ரிவிஷன் பண்ணச் சொல்லுங்க.”

அந்தத் தாய் உட்காருவதற்குள் பின்வரிசையில் ஒருவர் பொரிந்து தள்ளுவார். “எம்பையனுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே வரல. உம்பொண்ணுக்கு அதுக்கு மேல வேற வேணுமாக்கும்?” கூட்டம் சிரிக்கும், மேசைக்கு அந்தப் பக்கம் நிம்மதிப் பெருமூச்சு வரும். இரண்டு ஏழைப் பெற்றோர் ஒருவர் மூஞ்சியை ஒருவர் முறைத்துக்கொண்டிருக்கும்வரை துறையின் மூஞ்சியைப் பார்த்துக் கேட்க ஆள் இல்லை. எழுத்துத் தெரியாமலே எட்டாம் வகுப்புக்கு வந்து சேர்ந்த பையனும், எல்லாம் தெரிந்தும் சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணும் ஒரே குற்றத்தின் இரண்டு சாட்சிகள். அவனுக்குக் கொடுத்ததால் இவளுக்கு இல்லை என்பது பொய். அவனுக்கும் எட்டு வருடம் கொடுக்கவில்லை. பொதுத்தேர்வு நெருங்கியதும் சுண்டல் கொடுத்தீர்கள், அவ்வளவுதான்.

கீழ் வகுப்பிலிருந்தே பார்ப்போம். 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. கொரோனாவில் விட்டதைப் பிடிக்க வந்த திட்டம், தேவையான திட்டம். பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தார்கள். அழகு! ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம் இருக்கும். அரும்பை மொட்டாக்கவே அந்த டீச்சருக்குப் பொழுது போதாது. ஜூன் மாதமே மலர்ந்துவிட்ட குழந்தை என்ன செய்யும்? அரும்புகள் மலரும்வரை காத்திருக்கும். காத்திருப்பதுதான் அரசுப் பள்ளி அதற்குக் கற்றுத்தரும் முதல் பாடம், அதற்குத் தேர்வே இல்லை.

மேல் வகுப்புக்கு வருவோம். பிளஸ் டூ இயற்பியல். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் 15 எடுத்தால் போதும். செய்முறையும் அகமதிப்பீடும் சேர்ந்து மீதி 20-ஐக் கொண்டுவந்துவிடும். 35 ஆயிற்று, பாஸ் ஆயிற்று, பள்ளி நூறு சதவீதம் ஆயிற்று. அந்தப் பதினைந்துக்காகத் தயாராவதுதான் மினிமம் மெட்டீரியல். புக் பேக் ஒரு மதிப்பெண் கேள்விகள், பத்து முக்கியமான வினாக்கள், வரைய எளிதான நாலு படங்கள். விழப்போகிற பையனைத் தாங்குவதற்கு அது சரி. ஆனால் வகுப்பு முழுவதும் ஜனவரியிலிருந்து அதே மெட்டீரியலைக் கோரஸாகப் படிக்கும்போது, மின்புலக் கோடு ஏன் அப்படி வளைகிறது என்று கேட்கத் தெரிந்த பெண்ணும் அதே கோரஸில் வாயசைக்கிறாள். கேட்டால், “அது எக்ஸாமுக்கு வராதும்மா.” அறிவியலை அடக்கம் செய்ய இதைவிடச் சின்ன மந்திரம் இல்லை.

“யார் சொன்னது? திறமைக்கு நாங்கள் பரிசே கொடுக்கிறோம்” என்பார்கள். கொடுக்கிறார்கள். எண்ணிப் பார்ப்போம்.

தமிழ்நாடு ஊரகத் திறனாய்வுத் தேர்வு: கிராமத்துப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். வென்றால் பிளஸ் டூ வரை ஆண்டுக்கு 1,000 ரூபாய். மாதத்துக்கு அல்ல ஐயா, ஆண்டுக்கு. நாளொன்றுக்கு 2 ரூபாய் 74 காசு. மாவட்டத்தின் முதல் நூறு மூளைகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரியான பெண், தன் திறமையின் பலனாக ஒரு டீ குடிக்க வேண்டுமென்றால் நாலைந்து நாள் சேர்த்துவைக்க வேண்டும். அதற்கு முன் வருமானச் சான்றுக்காக அவள் அப்பா கூலி வேலைக்கு லீவு போட்டு இ-சேவை மையத்தில் நின்றால், அந்தக் கூலியிலேயே பரிசில் ஒரு பங்கு போயிற்று.

ஒன்றிய அரசின் தேசிய வருவாய் வழித் திறன் உதவித்தொகை கொஞ்சம் தாராளம். எட்டாம் வகுப்பில் எழுதி வென்றால் மாதம் 1,000 ரூபாய். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். தேர்வில் மனத்திறன் கேள்விகள் 90, படிப்பறிவுக் கேள்விகள் 90. இந்த மனத்திறனுக்கு நம் கால அட்டவணையில் ஒரு பீரியடும் கிடையாது. எங்கோ ஓர் ஆசிரியர் தன் காசில் கைடு வாங்கி, மாலையில் அறையைத் திறந்துவைத்துச் சொல்லிக்கொடுத்தால் அந்தப் பள்ளியில் நாலு பிள்ளைகள் தேறும். அவர் மாறுதலில் போனால் மனத்திறனும் அவரோடு பஸ் ஏறிவிடும். 1963-இல் தொடங்கிய தேசியத் திறனாய்வுத் தேர்வையோ 2021-ஓடு நிறுத்தியே வைத்துவிட்டார்கள். நாடு வல்லரசு ஆகிறதல்லவா, திறமையைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

சந்திரயான் நிலாவில் இறங்கியதும் என்ன நடந்தது? 2023 அக்டோபர் 2-ஆம் தேதி, தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒன்பது விண்வெளி விஞ்ஞானிகளை மேடையேற்றித் தலைக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள். தகும், ஒரு காசும் அதிகமில்லை. அவர்களில் அரசுப் பள்ளியில், தமிழ் வழியில் படித்தவர்கள் இருக்கிறார்கள் என்று மார்தட்டினோம். மார்தட்டும் கையால் ஒரு கணக்குப் போடலாம்: ஒன்பதாம் வகுப்பில் ஆண்டுக்கு ஆயிரம், நிலாவைத் தொட்டபின் 25 லட்சம். நடுவில் அரசாங்கம் எங்கே இருந்தது? தானே நீந்திக் கரையேறியவனுக்கு மாலை போடுவதற்குப் பெயர் நீச்சல் பயிற்சி அல்ல.

மாதிரிப் பள்ளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒன்று, விடுதியோடு. அங்கிருந்து பிள்ளைகள் ஐ.ஐ.டி.க்கும் என்.ஐ.டி.க்கும் போகிறார்கள். ஆக, அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கடினமான பாடத்தைக் கொடுத்தால் படிக்கும் என்பது நிரூபணமாகிவிட்டது. நிரூபித்துவிட்டு, அதை மாவட்டத்துக்கு ஒரு வளாகத்துக்குள் வைத்துக் கதவைச் சாத்தியும் விட்டார்கள். ஊர்ப் பள்ளியிலிருந்து நன்றாகப் படிக்கும் இரண்டு பேரை அள்ளிக்கொண்டு போய்விட்டால், மிச்சமிருக்கும் பள்ளியில் மினிமம் மெட்டீரியலே வேதம். மாதிரி என்று ஒன்றைச் செய்வது, அதைப் பார்த்து மற்றதைச் செய்வதற்காக. இங்கே மாதிரி மட்டும் செய்கிறோம்.

டெல்லியும் இதில் சளைத்ததில்லை. ஊரகத் திறமைசாலிகளுக்கென்று 1980-களில் வந்த நவோதயா பள்ளி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. இந்தியைத் திணிக்காமல் பள்ளி நடத்த டெல்லிக்குத் தெரியவில்லை. இந்தி இல்லாமல், நவோதயாவுக்கு நிகரான ஒன்றை மாவட்டந்தோறும் அன்றே கட்ட வேண்டும் என்று சென்னைக்கும் முப்பது வருடம் தோன்றவில்லை. பி.எம்.ஸ்ரீ என்ற தன் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2,152 கோடி ரூபாய் கல்வி நிதியை நிறுத்திவைத்தது ஒன்றிய அரசு. ஒரு மாநிலத்தின் பிள்ளைகளைப் பணயமாக வைத்து மொழிக்கொள்கை பேசுகிற துணிச்சலுக்கு வேறு எந்தப் பாடத்திலும் இத்தனை மதிப்பெண் கிடைக்காது. கோட்டைக்கும் டெல்லிக்கும் நடக்கும் வழக்கில் இரண்டு பக்கமும் வாதாட வக்கீல் உண்டு. வகுப்பறையில் கணக்கு வாத்தியார் இடம் காலி.

இந்தப் பள்ளிகளை நடத்துகிறவர்கள் தங்கள் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறார்கள்? 2011-இல் ஈரோடு ஆட்சியர் ஆனந்தகுமார் தன் மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். நாடே பேசியது, பத்திரிகைகள் படம் போட்டன. அவருக்கு வணக்கம். ஆனால் ஓர் அரசு அதிகாரி தன் பிள்ளையை அரசுப் பள்ளியில் சேர்ப்பது தலைப்புச் செய்தி ஆகிறதென்றால், மற்ற அதிகாரிகளைப் பற்றிய செய்தி அதிலேயே இருக்கிறது. 35 போதும் என்று கோப்பில் எழுதிய கை, சாயங்காலம் தன் பிள்ளையின் 97-ஐப் பார்த்து “மூணு மார்க் எங்கே போச்சு?” என்று அதட்டுகிறது.

ஆகவே இதைக் கருணை என்று நம்பாதீர்கள். “பாவம், ஏழைப் பிள்ளைகள், கடினமாகக் கொடுத்தால் தாங்காது” என்பது சமூகநீதியின் குரல் அல்ல. இந்தச் சாதிக்கு இவ்வளவு படிப்பு போதும் என்று அன்று திண்ணையில் உட்கார்ந்து சொன்னவன், இன்று ஏ.சி. அறையில் உட்கார்ந்து இந்தப் பள்ளிக்கு இவ்வளவு பாடம் போதும் என்கிறான். பிறகு பன்னிரண்டு வருடம் கழித்து மருத்துவக் கல்லூரி வாசலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தருகிறார்கள். 2020-இல் வந்த அந்த ஒதுக்கீடு நியாயமானது, வேண்டும். ஆனால் அது பரிசு அல்ல. பன்னிரண்டு வருடம் கொடுக்காமல் விட்டதற்கு அரசே ஒப்புக்கொண்டு கட்டும் இழப்பீடு.

கடினம் என்றதும் நாமக்கல் பக்கத்துப் பிராய்லர் பள்ளிகளைக் காட்டி என்னை மடக்க வேண்டாம். பிளஸ் ஒன் பாடத்தைத் தாண்டிக் குதித்து, விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பி, பிளஸ் டூ புத்தகத்தை இரண்டு வருடம் மென்று துப்ப வைப்பது கல்வி அல்ல, அது மினிமம் மெட்டீரியலின் பணக்கார அண்ணன். அதை மடக்க 2017-18-இல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வைக் கொண்டுவந்தார்கள், 2025-26-இல் எடுத்துவிட்டார்கள். வந்ததும் மாணவர் நலனுக்காக, போனதும் மாணவர் நலனுக்காக. நலம் அதிகமாகி மாணவர்தான் மூச்சுத் திணறுகிறார்.

பெற்றோர் கேட்பது கோட்டா நகரத்துப் பயிற்சி மையம் அல்ல. புத்தகத்தின் பின்னால் விடை இல்லாத ஒரு கணக்கை வாரம் ஒருமுறை கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் நூலக பீரோவைத் திறங்கள். ஆய்வகத்தை ஆய்வுக்கு வரும் அதிகாரிக்காக அல்லாமல் ஆய்வுக்காகவே திறங்கள். பாடத்துக்கு ஓர் ஆசிரியரைப் போட்டு, அவரைக் கணக்கெடுப்புக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் இழுக்காமல் விடுங்கள். முடித்துவிட்ட பிள்ளைக்கு அடுத்த பாடத்தை இன்றே கொடுங்கள். இதில் எதற்கும் வெளிநாட்டு நிபுணர் வேண்டாம், புதுப் பெயரும் வேண்டாம், தொடக்க விழாவும் வேண்டாம். ஒருவேளை அதனால்தான் நடக்கவில்லையோ என்னவோ.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதையெல்லாம் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். பின்வரிசைக்காரரையும் அந்தத் தாயையும் ஒரே தீர்மானத்தில் கையெழுத்துப் போட வையுங்கள்: படிக்க வராத பிள்ளைக்கு என்ன செய்தீர்கள், படிக்கத் துடிக்கும் பிள்ளைக்கு என்ன செய்தீர்கள், இரண்டுக்கும் எழுத்தில் கணக்குக் காட்டுங்கள் என்று. பதில் வந்ததும் திருத்துவோம். 70-க்கு 15 தேறுமா என்பதே சந்தேகம். தேறாவிட்டால் எழுதியதற்கு உள்ள மதிப்பெண்ணை மட்டும் போடுவோம். இந்த ஒரு தடவையாவது, அகமதிப்பீட்டில் தூக்கிவிட வேண்டாம்.