கேள்விக்குறிக்காரர்

ரியாக்ட் எழுதும் எந்தக் குழுவிலும் கேள்விக்குறிக்காரர் ஒருவர் இருப்பார். பட்டனின் நிறத்தை மாற்றச் சொன்னால் போதும், கிளாஸ்நேம் வரியில் டெர்னரியோடு இறங்கிவிடுவார். அழுத்தியாச்சா? அப்படியென்றால் நீலம். இல்லையா, முடக்கியிருக்கிறதா? சாம்பல். அதுவும் இல்லையா, பிழையா? சிவப்பு. கேள்விக்குறியும் முக்காற்புள்ளியும் சிக்குக்கோலமாய் வளைந்து திரையின் வலது ஓரத்தைத் தாண்டிப் போகும். ரிவ்யூ செய்பவர் பாதி தூரம் ஸ்க்ரோல் செய்து, களைத்து, அப்ரூவ் கொடுத்துவிடுவார். “ஒரே லைன்ல முடிச்சுட்டேன் ப்ரோ” என்று இவர் காபிக்குக் கிளம்புவார்.

இவருடைய குறை டெர்னரி அல்ல. பட்டியலைச் சரம் என்று நம்புவதுதான். ‘கிளாஸ்’ ஜாவாஸ்கிரிப்ட் தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொல் என்பதால், 2013-இல் வெளிவந்த ரியாக்ட் ‘கிளாஸ்நேம்’ என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஒருமையில் இருக்கும் அந்தப் பெயரை இவர் அப்படியே எடுத்துக்கொண்டார். பிரவுசருக்கோ அது இடைவெளி விட்டு எழுதிய பல பெயர்கள். ஓர் இடைவெளி விட்டுப்போனால் ‘பிடிஎன்’னும் ‘ஆக்டிவ்’வும் ஒட்டிக்கொண்டு, ஸ்டைல்ஷீட்டில் எங்கும் இல்லாத ‘பிடிஎன்ஆக்டிவ்’ ஆகிவிடும். மதிப்பு வராத நாளில் ‘அன்டிஃபைன்ட்’ என்றே ஒரு கிளாஸ் பட்டனில் ஏறி உட்காரும். கன்சோலில் ஒரு முணுமுணுப்பும் இருக்காது; தெரியாத பெயரோடு சண்டைக்குப் போகாத சிஎஸ்எஸ்ஸின் சாதுத்தனம்தான் இவரை இத்தனை நாள் காப்பாற்றியிருக்கிறது. டெய்ல்விண்ட் என்ற சிஎஸ்எஸ் கருவியில் ‘பிஜி-’யோடு நிறத்தை ஒட்டிப் பெயர் செய்தால் கதை இன்னும் விசேஷம். டெய்ல்விண்ட் நம் கோப்புகளை வெறும் எழுத்தாகத்தான் படிக்கும். முழுப் பெயர் கண்ணில் படாவிட்டால் அதற்கான சிஎஸ்எஸ்ஸை உண்டாக்காது. பெயர் சூட்டியாயிற்று, பிள்ளைதான் பிறக்கவில்லை.

“இதுக்கெல்லாம் ஒரு லைப்ரரியா?” என்று கேட்பார். கிளாஸ் பெயர்களைக் கோத்துத் தரும் சிஎல்எஸ்எக்ஸின் எடை 239 பைட். இவருடைய டெர்னரி சில நாள் அதைவிடக் கனம். அதுவும் வேண்டாமென்றால் ஓர் அரே, ஒரு ஃபில்டர், ஒரு ஜாயின் போதும். சிஎல்எஸ்எக்ஸில் இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் நிபந்தனை: வெல்லம், பொங்கல் வந்தால்; காபித்தூள், விருந்தாளி வந்தால். மளிகைச் சீட்டில் ஒரு வரியை அடித்தால் மற்ற வரி கலையாது.

இவருடைய இன்னொரு வாதத்தில் நியாயம் உண்டு. பட்டியலில் இரண்டு நிபந்தனையும் உண்மையானால் இரண்டு நிறமும் சேர்ந்து வந்துவிடும். டெர்னரி எப்போதும் ஒன்றைத்தான் தரும். வாஸ்தவம். பட்டியலில் எதைப் பின்னால் எழுதினோம் என்பதையும் பிரவுசர் பார்க்காது. மற்றதெல்லாம் சமமென்றால், ஸ்டைல்ஷீட்டில் பின்னால் வருவதே ஜெயிக்கும். ஆனால் பட்டியலில் அந்த மோதல் கண்ணுக்குத் தெரிகிறது. யாரிடமாவது கேட்டு, நிலைக்கு ஒரு நிறமென்று அட்டவணை போட்டுவிடலாம். டெர்னரியிலோ, பிழையும் முடக்கமும் ஒன்றாக வந்தால் பட்டன் சாம்பல். டிசைனர் அப்படிச் சொல்லவில்லை, வாடிக்கையாளரும் கேட்கவில்லை. இவர் எந்தக் கேள்வியை முதலில் டைப் செய்தாரோ அதுவே தீர்ப்பாகிவிட்டது. ஒரே லைனில் இவர் முடித்தது வேலையை அல்ல, போட்டது முடிச்சு.