கடைக்குப் பெயர் சூட்டு விழா

பிள்ளைக்குப் பெயர் வைக்கப் பஞ்சாங்கம் போதும். இணையக் கடைக்கு அது போதாது. யாரும் முந்தியிருக்கவும் கூடாது. வாழைக்காய் சிப்ஸ் விற்கக் கிளம்பிய என் மைத்துனர் நினைத்த பெயரையெல்லாம் யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். டாட் காம் வந்தது 1985-இல். மைத்துனர் பிறந்தது 1990-இல். பிந்திவிட்டார்.

அடுத்த வில்லங்கம் 'ழ'. இசட்-எச் போட்டால் வடக்கே 'வாஸை' என்பார்கள். எல் போட்டால் வாழை வலையாகிவிடும். புள்ளிக்கு முன் 63 எழுத்து வரை இடமுண்டு என்று தெரிந்ததும் குலதெய்வம், தாத்தா, ஊர் மூன்றையும் கோத்துவிட்டார். இப்போது முகவரியைத் தட்டி முடிப்பதற்குள் வாடிக்கையாளருக்குப் பசி அடங்கிவிடுகிறது.

"சொந்தமா வாங்கிட்டேன் மாமா!" என்றார். வாங்கவில்லை மாப்பிள்ளை, குத்தகை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 10 ஆண்டு. முதல் ஆண்டு ஆடித் தள்ளுபடி. புதுப்பிக்கும்போதுதான் தீபாவளிச் செலவு. தவணையை மறந்தால் பெயர் அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆகவே, கடை திறப்போரே! போனில் ஒருமுறை சொன்னால் எதிர்முனை பிழையின்றி எழுதும் பெயராகப் பாருங்கள். புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். எண்கணிதம் அப்புறம்.