ஓடிகொலோன் பெரியவர்

கேளம்பாக்கத்தில் காலை ஒன்பது மணிக்கு ஷேர் ஆட்டோ ஏறுகிறவர்களின் மூக்குக்கு ஓய்வே கிடையாது. சிறுசேரி சிப்காட்டுக்குப் போகும் பையன்களின் பாடி ஸ்ப்ரே ஒரு பக்கம், கோவளத்து மீன் கூடை இன்னொரு பக்கம். இரண்டையும் விலக்கிக்கொண்டு எலுமிச்சையும் ஸ்பிரிட்டும் சந்தனப் பவுடருமாக ஒரு மணம் ஏறி உட்கார்ந்தால், திரும்பிப் பார்க்காமலே ‘வாங்க சார்’ என்று சொல்லிவிடலாம். வந்திருப்பவர் ஓடிகொலோன் பெரியவர்தான்.

சிவக்க வழித்த கன்னம். நூல் பிடித்த மாதிரி கிருதா. பிடரியில், காலருக்கு மேலே, வெள்ளையாக ஒரு பவுடர் திட்டு. அதைத் தட்டிவிடச் சொல்லாதீர்கள். சலூனுக்குப் போய்வந்ததற்கு அவரிடம் இருக்கும் ஒரே ரசீது அது.

ஓ.எம்.ஆர். அடுக்குமாடிகளில் பிளாக்குக்கு ஒருவராவது இப்படி இருப்பார். துறைமுகம், ரயில்வே, டெலிபோன்ஸ் என்று ஏதோ ஒன்றில் முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாம்பலத்திலோ குரோம்பேட்டையிலோ நிம்மதியாக இருந்தவர். மகன் பெயர்த்துக்கொண்டு வந்து பதினான்காவது மாடியில் வைத்திருக்கிறான். தண்ணீர் லாரி, லிஃப்ட் ரிப்பேர், வண்டலூர் சாலை நெரிசல் எதற்கும் அவர் முணுமுணுக்கவில்லை. கூடக் குடிவந்தவர்கள் செட்டிநாடு ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், புதுப்பாக்கம் ஆஞ்சநேயர் மலைக்கு எத்தனை படி என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, இவர் வாட்ச்மேனைப் பிடித்துக் கேட்டது ஒன்றுதான்: “இங்க நல்ல சலூன் எங்கப்பா இருக்கு?”

வாட்ச்மேன் மெயின் ரோட்டு ஏ.சி. சலூனுக்குக் கை காட்டினார். பெரியவரும் போனார். கறுப்பு யூனிஃபார்ம் போட்ட பையன் ஒருவன் ஃபேஷியல், டீடான், ஹேர் ஸ்பா என்று ஒப்பித்து முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு, “ஆஃப்டர்ஷேவ் என்ன வச்சிருக்கீங்க?” என்றார்.

“ஜெல் சார். ஆல்கஹாலே கிடையாது. எரியவே எரியாது.”

“எரியாதுன்னா அத எதுக்குப்பா போடறது?”

சொல்லிவிட்டு எழுந்து வந்தவர், சந்துக்குள் தன் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். சுழல் நாற்காலி இரண்டு, எதிரும் புதிருமாகக் கண்ணாடி, பக்கம் பக்கமாகப் பிரிந்து எல்லார் மடியிலும் இருக்கும் தினத்தந்தி. வாசல் நிலையில் திருஷ்டிக்காகக் கறுப்புக் கயிற்றில் ஒரு படிகாரம். கண்ணாடி முன்னால் கிண்ணத்தில் இன்னொரு படிகாரம். பெரியவருக்கு அது போதும்.

ஷேவிங்கின்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். சலூன்காரர் பிளேடை உறையோடு காட்டுவார். இவர் கண்ணாலேயே ‘சரி’ என்பார். பிளேடு இரண்டாக ஒடிந்து பாதி கத்திக்குள் போகும். பிரஷ்ஷில் நுரை எழும்பி, மூக்குக்குக் கீழே வரும்போது மூச்சு நிற்கும். மேலிருந்து கீழ் ஒரு தரம், கீழிருந்து மேல் ஒரு தரம். பிறகு ஈரப் படிகாரம் கன்னத்தில் ஊர்ந்துபோகும். கண்ணுக்குத் தெரியாத வெட்டெல்லாம் எங்கெங்கே இருக்கிறது என்று அது தொட்டுத் தொட்டுச் சொல்லும். தோலின் புரதத்தை இறுக வைத்து ரத்தக்கசிவை நிறுத்துவது படிகாரத்தின் வேலை. அது முடிந்ததும், மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலிலிருந்து சலூன்காரர் உள்ளங்கையில் நாலு சொட்டு ஓடிகொலோன் விட்டு, இரண்டு கையையும் தேய்த்து, கன்னத்தில் ஒத்துவார்.

“ஸ்ஸ்ஸ்ஸ்...”

இந்த ‘ஸ்’ஸின் நீளம்தான் அவர் தரும் மதிப்பெண். நீண்டால் சரக்கு நயம். குட்டையாக நின்றுவிட்டால் கண்ணைத் திறந்து, “என்னப்பா, தண்ணி கலந்துட்டியா?” என்பார்.

காத்திருக்கும் பெஞ்சில் நீங்கள் மாட்டினால் அடுத்தது சரித்திர வகுப்பு. ஜெர்மனியில் கொலோன் என்று ஒரு நகரம். 1709-இல் இத்தாலியிலிருந்து வந்த ஃபரீனா குடும்பம் அங்கே கடை போட்டது. ஓடிகொலோன் என்ற பேர் அந்த ஊரால் வந்தது. நெப்போலியன் அதை பாட்டில் பாட்டிலாகக் காலி செய்தவர். 1882-இல் ஹூபிகான் என்ற பிரெஞ்சு நிறுவனம் கூமரின் என்ற செயற்கைச் சரக்கைச் சேர்த்து ஒரு வாசனை போட்டது. மேல்நாட்டு சலூன் வாசனைகளில் பாதி அதன் வாரிசு. கூமரின் எப்படி மணக்கும் தெரியுமா? காய்ந்த புல் மாதிரி! தையூர்ப் பக்கம் வைக்கோல் போரில் சாய்ந்தால் சும்மா கிடைப்பதை, பாரிஸ்காரர்கள் காசு கொடுத்துக் கழுத்தில் தடவிக்கொண்டார்கள் என்று சொல்லும்போது பெரியவருக்கு உண்டாகும் திருப்தி சொல்லி மாளாது.

வீட்டில் வாஷ்பேசினுக்கு மேல் உள்ள தட்டு அவருடைய தனி ராஜ்யம். ஆரஞ்சு நிற குட்டிகுரா டப்பா. கோகுல் சாண்டல் பவுடர். டோபாஸ் பிளேடு. நடு நாயகமாக, கப்பல் படம் போட்ட வெள்ளை பாட்டிலில் ஓல்டு ஸ்பைஸ். ஆம்பளை என்றால் அதுதான் என்பது அவர் கட்சி. அமெரிக்காவில் ஆண்களுக்கான ஓல்டு ஸ்பைஸ் வந்தது 1938-இல். அதற்கு முந்தின வருஷமே அந்தப் பேரில் பெண்களுக்கான வாசனைதான் முதலில் வந்தது. இதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டாம். இந்த வயசில் தாங்க மாட்டார்.

காலி பாட்டிலை எடைக்குப் போட விடமாட்டார். “ஏங்க, காத்த அடைச்சு வச்சு என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போன அம்மாள், இப்போது ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி மணி பிளான்ட் வைத்துவிட்டார். பால்கனியில் எட்டுக் கப்பல்கள் கொடி ஏற்றி நிற்கின்றன.

துபாயிலிருந்து மகன் வாங்கிவந்த சென்ட் மட்டும் சீல் பிரிக்காமல் பீரோவில் இருக்கிறது. “இருபத்திநாலு மணி நேரம் நிக்கும்பா” என்று பெருமையாகத்தான் கொடுத்தான். “நான் எழுந்து போனப்புறமும் அது நாற்காலியில உக்காந்திருக்கும். அது எதுக்குடா?” என்றார் பெரியவர்.

இவரைக் கஞ்சன் என்கிறவர்கள் இந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசிக்கலாம். விலை உயர்ந்த சென்ட்டில் வாசனை எண்ணெய் நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று இருக்கும். கொலோனில் இரண்டிலிருந்து ஐந்துதான். மீதி பெரும்பாலும் ஆல்கஹால். எலுமிச்சை வகை எண்ணெய்கள் வேகமாகப் பறந்துவிடும் சாதி. எரிந்து, குளிர்ந்து, மணத்து, ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அம்மா ஓடிகொலோனில் கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டது அது சீக்கிரம் ஆவியாகும் என்பதால்தான். சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வந்த வேலையை முடித்துவிட்டுக் கிளம்பத் தெரிந்த விருந்தாளி அது. இன்றைய சென்ட்டுகளுக்கு அந்த நாகரிகம் கிடையாது. ஐ.டி. கம்பெனி லிஃப்ட்டில் காலையில் நின்று பார்த்தவர்கள் நான் சொல்வதை ஒப்புக்கொள்வார்கள்.

குறை இல்லாதவரா என்றால், இல்லை. பவுடரை அளவில்லாமல் கொட்டிக்கொள்வார், பக்கத்தில் இருப்பவர் தும்மினால் “ஜலதோஷமா?” என்று அக்கறையாகக் கேட்பார். சலூன் லீவு என்பதால் செவ்வாய்க்கிழமைகளில் அவரிடம் முக்கியமான விஷயம் எதுவும் பேசக் கூடாது. முட்டுக்காட்டிலிருந்து உப்புக்காற்று அடிக்கும் நாட்களில், ஆட்டோ நாவலூர் தாண்டுவதற்குள் மணம் போய்விடும். அதற்காகச் சட்டைப்பையில் ஒரு குட்டி பாட்டில். தான் மட்டும் போட்டுக்கொள்வாரா? பக்கத்தில் இருப்பவரிடமும், “கையக் காட்டுங்க சார்!” முன்பின் தெரியாதவர் உள்ளங்கையிலும் இரண்டு சொட்டு விழும்.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். துருக்கியில் இது தேச வழக்கம். வீட்டுக்கு வந்தவர்களுக்கும், தொலைதூர பஸ் பயணிகளுக்கும் எலுமிச்சைக் கொலோனைக் கையில் ஊற்றுவார்கள். அவர்கள் அதற்குச் சொல்லும் பேர் கொலோனியா; ஆல்கஹால் நூற்றுக்கு எண்பது. 2020-இல் உலகமே சானிடைசருக்கு அலைந்தபோது அவர்கள் கொலோனியா வாங்க வரிசையில் நின்றார்கள்.

ஆகவே, வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். ஏர்போர்ட் கடையில் அப்பாவுக்காக ஆயிரக்கணக்கில் கொடுத்து சென்ட் வாங்காதீர்கள். அது பீரோவுக்குத்தான் போகும். இஸ்தான்புல் வழியாக வந்தால் எலுமிச்சைக் கொலோனியா அரை லிட்டர் வாங்கி வாருங்கள். கைப்பையில் மட்டும் வைக்க வேண்டாம். 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள்.