பல்லைப் பிடிச்சுப் பாரு கண்ணு

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. திரீடி அனிமேசனுக்குக் கம்ப்யூட்டர் வாங்கோணும்னு உங்கம்மாகிட்ட ஒன்றரை லட்சம் கேட்டயாமா? கேளு, கேளு. அவ என்ற மவதான், குடுத்துருவா. ரோசனை யாருகிட்டக் கேட்டே? கடைக்காரர்கிட்டயும், விடிய விடியத் துப்பாக்கி கேம் ஆடற உன்ற கூட்டாளிகிட்டயுமா? பலே!

நானு நாப்பது வருசம் மாட்டுத் தரகு பண்ணுனவன். கண்ணபுரம் சந்தையில துண்டுக்குள்ள விரலைப் பிடிச்சு, வித்தவனுக்கும் தெரியாம வாங்குனவனுக்கும் தெரியாம நடுவுல நாலு காசு எடுத்தவன். அதனால ரோசனை சொல்றவன் மூஞ்சியைப் பாத்தாலே துண்டுக்குள்ள அவன் எத்தனை விரலை மடக்குறான்னு தெரிஞ்சுரும். கம்ப்யூட்டரைப் பத்தி எனக்கென்ன தெரியும்? உன்ற மாமன் மவன் ஆறு மாசமா இதே திண்ணையில பொலம்புனதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

அவன் ஆர்டிஎக்ஸ் 4070னு ஒட்டியிருந்த லேப்டாப் வாங்குனான். ஸ்டிக்கரைப் பாத்தான், பல்லைப் பாக்கலை. மேசைக் கம்ப்யூட்டர்ல வெக்கிற 4070 கிராபிக்ஸ் கார்டுக்கு 12 ஜிபி மெமரி. லேப்டாப்புல அதே பேரு, ஆனா 8 ஜிபிதான். உள்ள இருக்கிற சில்லே வேற. காங்கேயம் காளைன்னு சொல்லிக் கன்னுக்குட்டியை ஓட்டிவிட்ட கதை. அவன் என்னடான்னா கோபுரத்துப் பொம்மைக்கெல்லாம் 4கே டெக்ஸ்சரைப் பூசி, பிளெண்டர் சாப்ட்வேர்ல ரெண்டருக்குப் போட்டான். மெமரி பத்தலைன்னு மாடு படுத்துக்கிச்சு.

உன்ற கூட்டாளி சொல்றதும் பொய்யில்லை. அவனுக்கு வேண்டியது ரேக்ளா மாடு. நொடிக்கு எத்தனை ஃபிரேம், திரை 165 ஹெர்ட்ஸா, கார்டுல வெளக்கு மின்னுதா, அவ்வளவுதான் அவன் கேப்பான். நீ பூட்டப்போறது பாரவண்டி. ராப்பூரா மூச்சு வாங்காம இழுக்கோணும். சீன் மொத்தமும் கார்டு முதுகுல ஏறோணும். ஏறலைன்னா ஒண்ணு நின்னுரும், இல்லாட்டி நொண்டும்.

பேரை நம்பாதே. 3060னு ஒண்ணு 2021ல 12 ஜிபியோட வந்துச்சு. அடுத்த வருசமே அதே பேருல 8 ஜிபியிலயும் ஒண்ணை விட்டாங்க. 2023ல வந்த 4060க்கும் 8தான். சின்னச் சீனுன்னா புதுசுதான் வெசையா ஓடும். பெருசுன்னா அந்த 12 ஜிபிப் பழசு ஜெயிக்கும். இதைக் கடையில சொல்லிப் பாரு, அவர் கூரையைப் பாப்பாரு.

ரேம் வாங்குனா 32 ஜிபியை ஒரே குச்சியா வாங்காதே, 16, 16னு சோடியாப் பூட்டு. ரெண்டும் சேந்து இழுக்கும். இந்தக் கணக்கைக் கார்டுக்குப் போட்டராதே. இப்ப வர்ற சாதாக் கார்டுல 8 ஜிபி ரெண்டைப் பூட்டுனா 16 ஆவாது. முழுப் பாரமும் ரெண்டு முதுகுலயும் தனித்தனியா ஏறும்.

அப்புறம் நம்மூரு கரண்டு. 600 விஏ யூபிஎஸ் ஒண்ணு வீட்டுல கிடக்குதுன்னு சொல்றே. அது தாங்கறது சுமாரா 360 வாட்டு. உன்ற கூட்டாளி எச்சில் ஊறப் பாக்குறானே 4090, அது ஒண்ணே 450 வாட்டு குடிக்கும். எர்த்து சரியில்லாத வீட்டுல பொட்டியைத் தொட்டா உனக்கே அனிமேசன் வந்துரும்.

சரி, யாரைத்தான் கேக்கறது? உன்ற வேலையையே கூலிக்குச் செய்யறவனைக் கேளு. எது நல்லதுன்னு கேக்காதே, எது உன்னைய ராத்திரி ரெண்டு மணிக்குக் கைவிட்டுச்சுன்னு கேளு. தான் வாங்குன மாட்டுக்குத் தானே குறை சொல்றவன் வாயில பாதிக்கு மேல உண்மைதான் வரும். எந்த சாப்ட்வேர், எவ்வளவு பெரிய சீன், அறையில ஏசி உண்டான்னு உன்னையவே பத்துக் கேள்வி கேக்குறானா, பக்கத்துல உக்காந்துக்கோ. பனியன் பிரிண்டுக்குப் படம் போடறவன்கிட்டப் போயிராதே. அவனுக்கு ரேமும் நெறம் பிசகாத திரையும் இருந்தாப் போதும், உனக்கும் அதையே சொல்லுவான்.

பிளெண்டர்காரங்களே ஓப்பன் டேட்டான்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. ஊர்ல உள்ளவன் எல்லாம் ஒரே சீனைத் தன் பொட்டியில ஓட்டி மார்க்கைப் போடறான். அதைப் பாரு. பாத்துட்டு, உன்ற சீனைப் பென்டிரைவுல எடுத்துக்கிட்டுப் போயி, கடையிலயே ரெண்டர் போடச் சொல்லு. ஏர்ல பூட்டி ஒரு சால் ஓட்டாம நானு எவனுக்கும் அட்வான்சு குடுத்ததில்லை. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க.

இதுல அப்புச்சிக்கு என்ன வரவுன்னு ஏன் கண்ணு நீ கேக்கவே இல்லை? உன்ற மாமன் மவன் அந்த லேப்டாப்பை உன்ற தலையில கட்டிக்குடுங்கன்னு பத்து நாளா என்ற பின்னாடி சுத்தறான். தரகு தனி. சின்னச் சீனுக்கு அது போதும். குறையைத்தான் முன்னாடியே சொல்லிட்டேனே. எங்கே, கையை நீட்டு. அந்தத் துண்டை இப்படி எடு.