காயலான் கடையில் மறுபிறவி

கேள்வி: ஓடி ஓய்ந்த ரயில் என்ஜின்களுக்கு மறுபிறவி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் காயலான் கடைக்காரர் வேலையைத் தள்ளிப்போடுகிறவராக அமைய வேண்டும்! வேல்ஸ் நாட்டின் பாரி துறைமுகத்தில் டை வுட்ஹாம் என்று ஒருவர் இருந்தார். நீராவியை டீசல் விரட்டிக்கொண்டிருந்த காலம். பிரிட்டிஷ் ரயில்வே கழித்துக்கட்டிய 297 நீராவி என்ஜின்களை 1959 முதல் வாங்கிக் குவித்தார். கூடவே எக்கச்சக்கமாகப் பழைய சரக்கு வேகன்கள். வேகனை வெட்டுவது சுலபம், என்ஜினை வெட்டுவது பெரும்பாடு. 'என்ஜினை அப்புறம் பார்த்துக்கலாம்' என்று ஓரமாக நிறுத்தினார். வேகன் வரத்து நிற்கவே இல்லை. அந்த 'அப்புறமும்' லேசில் வரவில்லை. கடற்காற்றில் துருவேறி நின்றவற்றை, ரயில் பித்தர்கள் கூட்டாகக் காசு சேர்த்து, ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கிப் போனார்கள். 1968-ல் முதல் என்ஜின் வெளியேறியது. 1990-க்குள் மொத்தம் 213 தப்பிவிட்டன. இன்றைக்கு பிரிட்டனின் பாரம்பரிய ரயில் பாதைகளில் புகைவிடுபவற்றில் பல, வுட்ஹாமின் ஒத்திப்போடும் குணத்துக்குப் பிறந்தவைதான். (என் மேஜையில் குவிந்திருக்கும் கடிதங்களைப் பற்றி ஆசிரியர் கேட்டால் இதைத்தான் சொல்லப்போகிறேன்.)

பொலிவியாவின் உயுனி ஊருக்கு வெளியே கிடக்கும் என்ஜின்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1940-களில் சுரங்கத் தொழில் படுத்ததும் கைவிடப்பட்டவை. பக்கத்திலேயே உலகின் மிகப்பெரிய உப்புப் பாலைவனம். உப்புக்காற்று இரும்பைத் தின்றுகொண்டிருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பாய்லர் மேல் ஏறி செல்ஃபி எடுக்கிறார்கள். டிக்கெட் பரிசோதகர் தொல்லை இல்லை!