கடல்தொட்டி அண்ணா

கோயம்புத்தூரில் எல்லாம் இருக்கிறது, கடல் மட்டும் இல்லை. வாளையாறு தாண்டி, பாலக்காடு தாண்டி, பொன்னானி வரை போனால்தான் அலையில் கால் நனைக்கலாம். அந்தக் குறையை வீட்டு ஹாலில், டிவி இருக்க வேண்டிய இடத்தில் தீர்த்து வைத்திருப்பவர்தான் கடல்தொட்டி அண்ணா. கணபதியிலோ பீளமேட்டிலோ ஒரு பம்ப் பட்டறை, வடவள்ளிப் பக்கம் வீடு, ஐம்பதைத் தொடும் வயது, வெளிநாட்டில் பையன். இத்தனையும் கூடிவந்தவர்களில் சிலர் பூமி வாங்குவார்கள், சிலர் வருசம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுவார்கள். மிச்சப் பேர் தொட்டி வைப்பார்கள்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கல்யாண வீட்டில்கூட வலது கைச் சட்டை மட்டும் தோள்வரை கசங்கி ஈரமாக இருக்கும். கறுப்பு பேன்ட்டில் உப்புப் பூத்திருக்கும். கிளம்புகிற நேரத்தில் தொட்டிக்குள் ஒரு கல் கோணலாகத் தெரிந்திருக்கும், வேறொன்றுமில்லை.

இவருடைய அம்மாவுக்கு ஒரு தீராத வருத்தம் உண்டு. "ஊரே சிறுவாணித் தண்ணிக்கு அடிச்சுக்குது. இவன் அதைப் புடிச்சு, மெசின்ல வுட்டு, ருசியெல்லாம் எடுத்துப்போட்டு, அதுல உப்பைக் கொட்டறான் கண்ணு." இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. குளோரின் வாசமே கூடாதென்று ஆர்.ஓ.வில் வடித்து, லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்புக் கலக்கிறார். 500 லிட்டர் தொட்டிக்கு முதல் நாளே பதினேழரைக் கிலோ. அப்புறம் வாராவாரம் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்துவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். "தூத்துக்குடி உப்பு மூட்டை சல்லிசாக் கிடைக்குமே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சமையல் உப்பில் இல்லாத கால்சியம், மெக்னீசியம், பொட்டாசியம் பற்றி ஆரம்பித்தாரென்றால் ராத்திரிச் சாப்பாடு அங்கேதான். வீட்டுக்கார அம்மிணியின் குறை வேறு. தொட்டிக்கு 26 டிகிரியைத் தாண்டாமல் சில்லர் ஓடுகிறது, ஹாலில் ஃபேன்தான்.

காசு கொடுத்து வாங்கக்கூடியதை வாங்கிவிட்டால் அவர் கோயம்புத்தூர்க்காரரே இல்லை. அழுக்கை நுரையாகத் திரட்டித் தள்ளும் ஸ்கிம்மரைப் பிவிசி குழாயிலும் அக்ரிலிக்கிலும் பட்டறை லேத்திலேயே செய்துகொண்டார். அது எழுப்பும் சத்தம் தண்ணீர் லாரியை நினைவூட்டும். அதைச் சொன்னால் முகம் வாடிவிடும். பாறையும் சொந்தத் தயாரிப்புதான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. கடினப் பவளங்களையும் கடல்குதிரையையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே சேர்த்துவிட்டார்கள். ஒரு பவளக் கல்லை ஆசைப்பட்டு ஹாலில் வைத்தாலும் வனத்துறை ஒறம்பரைக்கு வந்துவிடும். அதனால் அண்ணா மதுக்கரை சிமெண்டில் கிளிஞ்சல் தூளைக் கலந்து பாறை வார்த்தார். சிமெண்டின் காரம் இறங்க மாதக்கணக்கில் டிரம்மில் ஊறப்போட்டார். அந்த டிரம்மைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் எதையெதையோ சந்தேகப்பட்டதாகக் கேள்வி. மேலே அசைந்துகொண்டிருப்பவை மென்பவளங்கள், இன்னொரு தொட்டிக்காரர் வெட்டிக் கொடுத்த துண்டுகள் தழைத்தவை.

இதெல்லாம் முன்னுரை. அண்ணாவின் மேதைமை தெரிய வேண்டுமானால் அவர் ஒரு புது மீனைத் தேர்ந்தெடுப்பதைப் பார்க்க வேண்டும். பெண் பார்க்கப் போனவர்கள்கூட இத்தனை விசாரித்து நான் கண்டதில்லை. வளர்ந்தால் எவ்வளவு நீளம், வாய் எவ்வளவு அகலம், என்ன தீனி, பகலில் எங்கே சுற்றும், ராத்திரி எந்தப் பொந்தில் படுக்கும், முன்பு இருந்த தொட்டியில் யாரோடாவது ஓரியாட்டம் உண்டா என்பதெல்லாம் தெரிந்தாக வேண்டும். மீனின் நிறத்தைப் பற்றிக் கேட்பவரை அவர் மதிப்பதில்லை.

அவர் வைத்திருக்கும் சித்தாந்தம் ஒன்றே. "பங்காளி ஆவாதுங். மாமன் மச்சான் ஒண்ணும் பண்ணமாட்டானுங்க." மஞ்சள் டாங்கும் செயில்ஃபின் டாங்கும் ஒரே பேரினம். உடம்பும் ஒரே வாகு, மேய்வதும் ஒரே பாசி. கத்தி மாதிரி ஒரு முள் வாலடியில் ரெண்டுக்கும் இருக்கிறது. ஒரு தொட்டியில் விட்டால் ஒன்று மிஞ்சும். மஞ்சள் டாங்கோடு நெமோ என்கிற கோமாளி மீனை விட்டால் சண்டைக்கு முகாந்திரமே இல்லை. டாங் நாள் முழுக்கத் தொட்டியை அளந்துகொண்டு பாசி கரண்டும். நெமோ ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மிதந்து வருவதைக் கவ்வும். "அவன் தோட்டத்துக்கும் இவன் தோட்டத்துக்கும் வரப்பே கெடையாதுங்க, பொறவு என்னத்துக்கு அடிச்சுக்கறான்?" உலகத்து மீன் நூல்களெல்லாம் அட்டவணை போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டிச் சொல்வதை அண்ணா ஒரு வரப்பில் முடித்துவிடுகிறார். பெரும்பாலும் சரியாகவும் இருக்கிறது.

லயன்ஃபிஷ் எப்படி என்று கேட்டேன். "தங்கமான குணமுங்க. யாரு கூடயும் சண்டையே போடாது. முழுங்கிருமுங்." பட்டாம்பூச்சி மீன்? பெரும்பாலானவை பவளத்தின் பாலிப்புகளைக் கொத்தித் தின்னும். வாடகைக்கு வந்தவன் சுவரைத் தின்றால் எப்படி என்பது அவர் வாதம். மாண்டரின் மீனை ஏன் வாங்கவில்லை, அவ்வளவு அழகாயிற்றே? அங்கேதான் அண்ணா குரலைத் தாழ்த்தினார். அது பாறையில் ஊரும் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகளைத்தான் கொத்தும், பெரும்பாலும் மாத்திரைத் தீனியைத் தொடாது. பூச்சி பெருகாத புதுத் தொட்டியில் அழகாக நின்று மெலிந்து போகும். "பட்டினி போட்டுப் பார்க்கறதுக்கு மீன் எதுக்குங்க?"

நெமோ ஜோடி மண்டபம் பக்கத்துப் பொரிப்பகக் குஞ்சுகள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையத்திலும் இவற்றைப் பொரிக்க வைத்துவிட்டார்கள். கடலில் பிடித்ததைவிட இவை தொட்டிக்குச் சீக்கிரம் பழகும். ஜோடி எப்படிப் பார்த்து வாங்கினீர்கள் என்று ஒறம்பரை யாராவது கேட்டுவிட்டால் அண்ணாவுக்கு நோம்பி. "பொறக்கறப்ப எல்லாமே ஆம்பளைங்க. ரெண்டு குட்டியா வாங்கி வுட்டுரோணும். எது ஓங்கி வளருதோ அது பொம்பளையாயிரும். அது செத்துப்போச்சுன்னா, புருசன் பொம்பளையாயிருவானுங்க." சித்தப்பா முறையுள்ள பெரியவர் ஒருவர் காப்பி டம்ளரை வைத்துவிட்டு, குழந்தைகள் பக்கத்தில் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

ஆனால் அண்ணாவின் செல்லம் நெமோ அல்ல. மணலோரம் டார்ச் அடித்துக் காட்டுவார், மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்க வேண்டும். ஒரு பொந்து. வாசலில் விரல் நீளக் கோபி மீன் காவல். உள்ளேயிருந்து பிஸ்டல் இறால் ஒன்று கைநிறைய மணலைத் தள்ளிக்கொண்டு வரும், கொட்டும், திரும்பும். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. அதனால் வெளியே வரும்போதெல்லாம் மீசையில் ஒன்றைக் கோபியின் வால்மேல் வைத்துக்கொண்டேதான் வரும். நான் சற்றுக் குனிந்தேன், கோபி வாலை ஒரு தரம் உதறியது, ரெண்டும் மாயம். "ஒருத்தன் கட்டிக் குடுக்கறான், ஒருத்தன் காவல் காக்கறான். பாகப்பிரிவினைங்கற பேச்சே இல்லைங்க" என்றார் அண்ணா. சொந்த அண்ணனோடு பட்டறையைப் பிரித்ததிலிருந்து இவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரே சாயல், ஒரே தொழில், ரெண்டு பேரும் விற்பது அரை எச்.பி. மோனோபிளாக். நான் கோபியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மீனை விடும் வரிசையிலும் சட்டம் உண்டு. சாதுக்கள் முதலில், முரடர்கள் கடைசியில். இடம்பிடித்தவனுக்குத்தான் கொழுப்பு அதிகம். பவுடர் புளூ டாங் மாதிரி ரோசக்காரன் வந்தால், ஓட்டைபோட்ட அக்ரிலிக் பெட்டியில் வைத்துத் தொட்டிக்குள்ளேயே சில நாள் தொங்கவிடுவார். பழைய ஆட்கள் பெட்டியை முட்டி முட்டி அலுத்த பிறகுதான் திறப்பு. அதற்கு முதல் நாள் பாறைகளை எல்லாம் இடம் மாற்றிவிடுவார். "வரப்பு எங்கயிருக்குதுன்னு எவனுக்கும் தெரியாமப் போயிருமுங். எல்லாருமே புதுசாக் குடிவந்த மாதிரி."

இத்தனை ஞானமும் எங்கிருந்து வந்தது? நீலமாக, கட்டைவிரல் அளவில் இருந்த ஒரு டாம்சல் மீனிடமிருந்து. தண்ணீர் ஊற்றியதும் மீன் விடக்கூடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வேரூன்ற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை சும்மா இருப்பானேன், இதை விடுங்கள், எதையும் தாங்கும் என்றார் கடைக்காரர். தாங்கியது. தாங்கி, மொத்தத் தொட்டியையும் தன் பேரில் பட்டா போட்டுக்கொண்டது. உள்ளே கைவிட்டால் முதலாளி என்றும் பாராமல் கடிக்கிறது. வலைக்கு அகப்படுவதில்லை. பிடிப்பதென்றால் பாறை முழுவதையும் வெளியே எடுத்தாக வேண்டும்.

போன வாரம் எடுத்துவிட்டார் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாளியும் கையுமாக என் வீட்டுக்கு வந்தார். வலது கைச் சட்டை நனைந்திருந்தது. ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"ஏனுங்க, அந்தச் செவுத்தோரம் சும்மாத்தானுங்க கெடக்குது?"

"ஏண்ணா?"

"மீன் நான் சும்மாவே தர்றனுங்க. தொட்டி மட்டும் நீங்க போட்டுக்குங்."