ரோஸ்டியும் மாமியும்

சுவிஸ்காரர் சண்டை பிடிக்கத் தெரியாத சனம் என்று வெளியுலகில் ஒரு பெயர் இருக்கிறது. நாலு தேசிய மொழி, இருபத்தாறு மாநிலம்; எல்லாரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு, குப்பையை வகைவகையாகப் பிரித்துப் போட்டுக்கொண்டு வாழ்கிறார்கள். இந்தப் பெயரைக் கெடுக்க ஆசைப்படுகிறவர் பேர்ண் நகரத்தில் நாலு பேர் இருக்கிற மேசையில் ஒரு கேள்வியைப் போட்டால் போதும்: ரோஸ்டிக்கு உருளைக்கிழங்கை அவித்துத் துருவுவதா, பச்சையாகத் துருவுவதா?

ரோஸ்டி என்பது துருவிய கிழங்கை நெய்யில் தட்டையாகப் பொரித்தெடுப்பது. தட்டளவு அகலம், விரலளவு தடிப்பு, இரண்டு பக்கமும் பொன்னிறம். கடித்தால் மேலே நொறுங்கும், உள்ளே மெத்தென்றிருக்கும். ஒரு காலத்தில் பேர்ண் பக்கத்து விவசாயிகளின் காலைச்சாப்பாடு. இன்றைக்கு ஜெர்மன் பேசுகிற சுவிஸுக்கும் பிரெஞ்சு பேசுகிற சுவிஸுக்கும் நடுவிலுள்ள எல்லைக்கே இதன் பெயர்தான்: ரோஸ்டிக்ராபன், அதாவது ரோஸ்டிப் பள்ளம். 1992 டிசம்பர் 6ஆம் திகதி ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் சேருவதா என்று வாக்கெடுத்தார்கள். வேண்டாம் என்றவர்கள் 50.3 வீதம். பிரெஞ்சுப் பக்கம் முழுக்க ஆம் என்றது, ஜெர்மன் பக்கத்தில் பெரும்பகுதி இல்லை என்றது. அரசியல் பிளவுக்குச் சாப்பாட்டின் பெயரை வைத்த சனத்தை நான் மதிக்கிறேன். எங்கள் இலங்கையிலும் இடியப்பப் பிளவு, புட்டுப் பிளவு என்று வைத்திருந்தால், பேச்சுவார்த்தை மேசையில் சாப்பாடாவது இருந்திருக்கும்.

இந்த விசயத்தில் வாய் திறக்க எனக்கு உரிமை உண்டு. எண்பதுகளிலிருந்து இங்கே வந்திறங்கிய எங்கள் ஆட்களில் கனபேருக்கு முதல் வேலை உணவகச் சமையலறையில்தான். கோப்பை கழுவி, பிறகு சலாட் வெட்டி, பிறகு அடுப்படிக்கு ஏறினவர்கள். உல்லாசப் பயணி மலையைப் பின்னால் வைத்து, ‘அசல் சுவிஸ் சுவை’ என்று படம் பிடித்து அனுப்புகிற ரோஸ்டிகளில் எத்தனையோ, கரவெட்டிக் கையும் கோண்டாவில் கையும் புரட்டிப் போட்டவை. எனக்குப் பழக்கிவிட்ட பேர்ண் சமையல்காரர் சொன்ன பாடம் மொத்தம் மூன்று சொல்: கிழங்கு, நெய், பொறுமை. அவர் அதிகம் பேசாத மனிதர். அந்த மூன்றையும் சொல்லி முடிக்க ஒரு குளிர்காலம் எடுத்தார்.

வீட்டில் எனக்கு அந்த மரியாதை கிடையாது. வீட்டில் மாமி இருக்கிறார்.

“கிழங்கு எங்களுக்குத் தெரியாத சாமானே, தம்பி? சிறிமா காலத்தில வெளிநாட்டுக் கிழங்கை நிப்பாட்டினவுடன நாங்கள் கிழங்கு போட்டுத்தான் கல்வீடு கட்டினனாங்கள்.” எழுபதுகளில் பிரதமர் சிறிமாவோவின் அரசு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது மிளகாயும் வெங்காயமும் கிழங்கும் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரைத் தூக்கி நிறுத்தியது உண்மை. அந்தக் கல்வீட்டை எதிர்த்து வாதாட முடியாது.

இங்கே கடையில் கிழங்குப் பையை நிறம் பார்த்து எடுக்க வேண்டும். பச்சை என்றால் அவித்தாலும் குலையாத கிழங்கு, நீலம் என்றால் மாவாகிற கிழங்கு. ரோஸ்டிக்குப் பச்சை. “கிழங்குக்கு மண் நிறம்தான், வேற என்ன நிறம்?” என்று மாமி நீலத்தையே எடுப்பார். அது மசிக்க நல்லது.

பேர்ண் முறைப்படி, கிழங்கைத் தோலோடு முதல்நாளே அவித்து, இரவு முழுக்க ஆறவிட வேண்டும். அவிந்த மாப்பொருள் குளிரில் இறுகும். மறுநாள் துருவினால் இழை இழையாக விழும், களியாகாது. சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் அவித்த கிழங்கை எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு இரவு உயிரோடு வைத்திருப்பது வேறு விசயம். விடிய எழும்பிப் பார்த்தால் அது பால்கறியாகியிருக்கும். ‘தொட வேண்டாம்’ என்று எழுதி ஒட்டினேன். “அது பிள்ளையளுக்கு எழுதினதெண்டு நினைச்சன்” என்றார் மாமி, கறிக்குத் தேசிக்காய் விட்டபடி.

மகள் லோசானில் படிக்கிறாள், அதாவது பள்ளத்துக்கு அந்தப் பக்கம். ரயிலில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல். கருத்து வேறுபாடு அதைவிட நீளம். பச்சைக் கிழங்கைத் துருவி, பிழிந்து, முட்டையும் மாவும் சேர்த்துப் பொரித்து, அப்பிள் மசியலோடு சாப்பிட வேண்டும் என்பது அவள் கட்சி. ஜெர்மன்காரரின் நத்தார்ச் சந்தையில் அப்படித்தான் விற்கிறார்கள். பெலாரூசியர் புளித்த கிறீமோடு தின்கிறார்கள், யூதர்கள் ஹனுக்கா பண்டிகைக்கு எண்ணெயில் பொரிக்கிறார்கள். எல்லாம் நல்ல சாப்பாடு. ஒன்றும் ரோஸ்டி அல்ல. “கிழங்குக்கு ஜாமோ?” என்று மாமி கேட்ட அன்றைக்கு மட்டும் நானும் அவரும் ஒரே கட்சி.

இன்னொரு தடவை நெய் விசயத்தில் ஒன்றானோம். சாதாரண பட்டரில் உள்ள பால்கசடு சூட்டில் கருகிப்போகும் என்பதால், இங்கே பொரிப்பதற்கென்று உருக்கித் தெளிவித்த பட்டர் விற்கிறார்கள். மாமி மூடியைத் திறந்து மணந்தார். “உது எங்கட நெய்யெல்லோ! பேரை மாத்தி விக்கிறாங்கள்.” அதற்குப் பிறகு அந்த டப்பா சாமி அலுமாரிக்கும் அடுப்புக்கும் நடுவே போய்வருகிறது.

பாரமான இரும்புத் தாச்சி, நடுத்தரச் சூடு. நெய்யில் துருவலைப் போட்டு உப்பிட்டுக் கொஞ்ச நேரம் கிளறி, அமத்தி, பிறகு விட்டுவிட வேண்டும். கால் மணித்தியாலம் கை வைக்கக் கூடாது. கிழங்கில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அடிப்பக்கத்து ஈரம் போன பிறகுதான் அது சிவக்கவே தொடங்கும். மூடி போட்டால் ஆவி திரும்ப விழுந்து எல்லாம் சொதசொதத்துவிடும். இந்தக் கால் மணித்தியாலம் மாமிக்குச் சித்திரவதை. “தம்பி, அடிப்பிடிக்குது.” “இல்லை மாமி.” “எனக்கு மணக்குது.” பிறகு தட்டால் மூடிக் கவிழ்த்து, வழுக்கித் திருப்பி விடுவேன். அந்த நேரம் வீடே பின்வாங்கி நிற்கும். மனைவிக்கு என் கைமேல் இல்லாத கவலை, புதிதாக நிறம் பூசிய சுவர்மேல்.

ரோஸ்டிக்குப் பக்கத்தில் வைக்கிற மரக்கறியில் மட்டும் மாமியிடம் நான் கீழ்ப்படிந்த மாணவன். கரட், பூசணி, பீட்ரூட், கத்தரிக்காய் எல்லாவற்றுக்கும் சுவிஸ்காரர் எண்ணெயும் உப்பும் ரோஸ்மேரியும் தடவி, 200 பாகையில் போறணைக்குள் தள்ளுவார்கள். மாமி முதலில் வெட்டைத் திருத்தினார். அவிய நேரமெடுக்கிற பீட்ரூட் சின்னத் துண்டு, கத்தரிக்காய் பெரிய துண்டு. தட்டில் குவிக்காமல் பரப்பு. குவித்தால் வாடாது, அவியும். கடைசி ஐந்து நிமிடத்தில்தான் யாழ்ப்பாணத்துத் தூளும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும். முதலே போட்டால் தூள் கருகிக் கசக்கும். மாமி இதை எங்கும் படித்ததில்லை, ஒரு பிசகும் இல்லை. மேல்மாடியில் இருக்கிற பேர்ண் மூதாட்டி ஒருநாள் சாப்பிட வந்து, மரக்கறியை இரண்டாம் தரமும் வாங்கிக்கொண்டார். ரோஸ்டிக்கு உப்புக் குறைவு என்றார்.

ஆகவே என் தீர்ப்பு: கிழங்கு பச்சைப் பை, முதல்நாள் அவித்தது. முட்டை வேண்டாம், மாவு வேண்டாம், மூடி வேண்டாம். உறைப்பும் வாசமும் பக்கத்துத் தட்டில் இருக்கட்டும். ரோஸ்டிக்குள்ளேயே கறிவேப்பிலை போட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து எங்கள் மாமிக்குச் சொல்லிவிடாதீர்கள். அவர் ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிறார்.